கீழ்ச்சட்டம்

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து வெங்கடாபுரம் பக்கமாக நடந்தால் இப்போது வீட்டுக்கு வீடு மரக் கேட் நிற்பதுபோல் தெரியும். தேக்கின் ரேகை, ரோஸ்வுட்டின் கருஞ்சிவப்பு, நடுவில் ஒரு கணு, ஒரு சுழி என்று எல்லாம் அச்சாக இருக்கும். கிட்டே போய் விரலால் தட்டினால் தகரச் சத்தம் கேட்கும். அலுமினியப் பட்டையின்மேல் மர ரேகையை அச்சடித்திருப்பார்கள். அல்லது மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து வார்த்த பலகைகளை இரும்புச் சட்டத்துக்குள் சொருகியிருப்பார்கள். மரத்தின் முகம் இன்னும் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. வெயிலிலும் மழையிலும் ஒரு மரத்தை வைத்துக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கைதான் போய்விட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது இதே தெருக்களில் நிலைமை தலைகீழ். மரக் கேட் வைத்திருந்தவர்கள் இரும்பு கேட்டுக்கு ஏங்கினார்கள். அந்த ஏக்கத்துக்குக் காரணம் ஊரிலேயே இருந்தது. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் வந்தது, டன்லப் 1959-ல், ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல், அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல். எங்கள் தெருவில் பாதி அப்பாக்களின் சட்டையில் லேத் எண்ணெய் வாசனை அடிக்கும். பேட்டையில் வெல்டிங் கற்றுக்கொண்ட பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிளும் பட்டையும் வாங்கி கேட் அடித்துக் கொடுத்தார்கள். செல் அரிக்காது, மழைக்கு ஊதாது, ஆசாரி பின்னால் அலைய வேண்டாம். அதற்கு முன்பு பனைமட்டைப் படலும் சவுக்குக் கழியும் வாசலை அடைத்திருந்த ஊருக்கு இரும்பு பெரிய கௌரவம். பிறகு அந்த இரும்பும் அடியிலிருந்து துருப்பிடித்தது, ரெட் ஆக்ஸைடு கேட்டது, வருஷம் ஒரு பெயின்ட் கேட்டது. மரத்துக்குச் செய்ய மனமில்லாமல் விட்ட வேலையை இரும்புக்குச் செய்தார்கள். இப்போது அதற்கும் மனமில்லாமல் மரம் அச்சடித்த அலுமினியத்துக்கு வந்து நிற்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அப்பா மரக் கேட்தான் வைத்தார். அவரே பேட்டையில் ஃபிட்டர். இரும்பு அவருக்கு மலிவாகவே கிடைத்திருக்கும். நாள் முழுக்க இரும்போடு இருக்கிறவன் வீட்டுக்கு வரும்போது கையில் மரம் படட்டுமே என்று அம்மாவிடம் சொன்னாராம். சட்டம் வேங்கை. பலகை, பூந்தமல்லியில் மாமா வீட்டுக் கொல்லையில் விழுந்த வேம்பு. அந்த வேம்பு ஒரு வருஷம் மாமா வீட்டுத் தாழ்வாரத்தில் குறுக்குக் கட்டைகள் வைத்து அடுக்கப்பட்டுக் காய்ந்தது. காயாத மரத்தைத் தொடவே மாட்டேன் என்று ஆசாரி சொல்லிவிட்டார்.

அந்த ஆசாரி செய்த முதல் காரியம் இன்றும் எனக்குப் புதிதாக வியப்பைத் தருகிறது. சட்டங்களையும் பலகைகளையும் அளவுக்கு அறுத்து, துளையும் கழுந்தும் செதுக்கி முடித்த பிறகு, பூட்டுவதற்கு முன் எல்லாவற்றின் வெட்டு முனைகளையும் ஒரு பழைய டால்டா டின்னில் தலைகீழாக நிறுத்தினார். டின்னில் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த முந்திரிக்கொட்டை எண்ணெய் இருந்தது. பருப்பில் எடுப்பது அல்ல, ஓட்டிலிருந்து எடுக்கிற கறுப்பு எண்ணெய். கடற்கரையில் படகுக்குப் பூசுவார்கள்.

“கையை விட்டுடாதே பாப்பா, தோலு வெந்துடும்” என்றார்.

“நீங்க மட்டும் தொடறீங்களே தாத்தா?”

“என் கையி எப்பவோ மரமாயிடுச்சு.”

ராத்திரி முழுக்க முனைகள் அதில் நின்றன. காலையில் எண்ணெயின் மட்டம் இறங்கியிருந்தது. மரத்தின் உடம்பு நெடுக்கக் குழாய்கள் ஓடுகின்றன. உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து தண்ணீர் ஏறிய வழி அது. பலகையின் முகத்தில் எவ்வளவு தேய்த்தாலும் எண்ணெய் ஒரு மயிரிழைதான் இறங்கும். குறுக்கே அறுத்த முனையில் அதைப்போலப் பல மடங்கு உறிஞ்சும். மழைத்தண்ணீருக்கும் அதே கணக்குதான். கேட்டின் முகத்தில் அடித்த மழை வழிந்து போய்விடும். முனை வழியாக ஏறிய ஈரம் உள்ளேயே தங்கும். மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் நின்றுவிட்டால் பூஞ்சை பிடிக்கிறது, பூஞ்சை பிடித்து இளகிய இடத்துக்குக் கறையான் சுலபமாக வருகிறது. அதனால்தான் எந்த மரக் கேட்டும் கீழ்ச்சட்டத்திலும், அதில் பலகைகள் உட்காருகிற இடத்திலும்தான் முதலில் சாகிறது. மேலே பளபளவென்று வார்னிஷ் இருக்கும். கீழே ஸ்க்ரூடிரைவரைக் குத்தினால் உள்ளே போகும்.

ஆசாரி கீழ்ச்சட்டத்தின் மேல்விளிம்பைத் தட்டையாக விடவில்லை. வெளிப்பக்கம் சாய்த்து இழைத்தார். பலகையின் அடிமுனைகளைச் சட்டத்துக்குள் புதைக்காமல் பின்பக்கமாக வைத்து ஆணி அடித்தார். தரைக்கும் கேட்டுக்கும் நாலு விரல் இடைவெளி. இருபுறமும் கல்தூண், மண்ணில் மரமே படவில்லை. மருந்து என்று நாம் இன்று டப்பாவில் தேடுகிற வேலையில் பாதியை அவர் இழைப்புளியிலேயே முடித்துவிட்டார். இதை நான் பழைய காலப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எந்த மருந்தைத் தேர்வது என்று இன்று என்னிடம் கேட்பவர்களுக்கும் இந்த வரிசையைத்தான் சொல்கிறேன். முதலில் தண்ணீர் நிற்காத அமைப்பு, அப்புறம் முனைகள், கடைசியில்தான் மேல்பூச்சு.

மற்றபடி அந்தக் காலத்து மருந்துகளை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் கிடைத்தது வேஸ்ட் ஆயில். லாரி ஷெட்டிலும் பேட்டையிலும் எஞ்சினிலிருந்து இறக்கிய கறுப்பு எண்ணெயை மண்ணெண்ணெயில் கலக்கி, கிழிந்த பனியனால் கேட்டுக்குத் தேய்த்தார்கள். கறுத்து மின்னும், ஒரு மழைக்காலம் தண்ணீர் ஒட்டாது. ஆனால் அது மரத்தில் பிடித்து நிற்கிற பொருள் அல்ல. வெயிலில் கசிந்து கையிலும் பள்ளிக்கூடச் சட்டையிலும் ஒட்டும், மழையில் வழிந்து வாசல் மண்ணில் இறங்கும். எஞ்சின் தேய்மானத்தின் உலோகமும் எரிந்த எண்ணெயின் நச்சும் அதில் உண்டு. கேட்டுக்குப் பக்கத்தில்தான் அடிபம்பு இருந்தது. இன்றைக்கு அபாயகரமான கழிவு என்று விதி போட்டுச் சேகரிக்க வேண்டிய பொருளை நாங்கள் கோலம் போடுகிற இடத்தில் ஊற்றினோம்.

அடுத்தது ரயில் கட்டை. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. தண்டவாளத்துக்கு அடியில் சிமென்ட் கட்டைகள் வரத் தொடங்கியபோது மரக் கட்டைகள் ஏலத்துக்கு வந்தன. திருமுல்லைவாயிலில் ஒருவர் அதை அறுத்தே கேட் செய்திருந்தார். செல் கிட்டே வராது. அதன் காரணம் கிரியோசோட். நிலக்கரித் தாரிலிருந்து காய்ச்சி எடுக்கிற அந்த எண்ணெயை அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றும் முறைக்கு 1838-ல் இங்கிலாந்தில் ஜான் பெத்தல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு உலகத்து ரயில் பாதைகள் அதன்மேல்தான் நின்றன. தண்டவாளத்தின் அடியில் இருக்கும்வரை அது நல்ல மருந்து. வீட்டு வாசலில், மே மாத வெயிலில், கட்டையின் வெடிப்புகளில் கறுப்பாக வியர்த்து நிற்கும். சாய்ந்துகொண்டு பேசிய பிள்ளைகளின் முதுகில் எரியும். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் அது இருக்கிறது என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஆல்ட்ரின் இன்னும் மோசம். வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரக் குழியில் கறையானுக்காக ஊற்றுவார்கள். மீந்ததை கேட் தூணடியிலும், சிலர் பிரஷ்ஷில் தொட்டு கேட்டின் அடிப்பலகையிலும் பூசினார்கள். கையுறையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. டப்பாவைக் கழுவிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்துக்கொண்ட வீடுகள் உண்டு. 1996-ல் இந்தியாவில் அதைத் தடைசெய்தார்கள். மண்ணில் வருஷக்கணக்கில் அழியாமல் கிடப்பதும் உயிர்களின் கொழுப்பில் சேர்வதும்தான் காரணம். கறையானைத் தடுத்த குணமும் அதே அழியாமைதான்.

எனாமல் பெயின்ட் யாருக்கும் விஷமாகத் தெரியவில்லை. எங்கள் தெருவில் பச்சை எனாமல் அடித்த கேட் என்றால் வசதியான வீடு. அந்தக் காலத்துப் பளிச்சென்ற நிறங்களில் ஈயம் தாராளமாக இருந்தது. வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல்தான் விதி கொண்டுவந்தது, 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே இன்றும் யாராவது பழைய மரக் கேட்டை மீட்டெடுக்க நினைத்தால் அவர்களிடம் நான் முதலில் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: உலர்ந்த உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். நனைத்துத் தேயுங்கள், மூக்கை மூடுங்கள், குழந்தைகளை உள்ளே அனுப்புங்கள், உதிர்ந்ததைக் கூட்டி மூட்டை கட்டுங்கள்.

இந்தக் கதையில் என்னை மிகவும் பாதிக்கிற மனிதர் ஒருவர் உண்டு. சொந்தி காமேசம். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர். மரத்தைக் காப்பதற்குத் தாமிர உப்பு பூஞ்சைக்கு நல்லது, ஆர்சனிக் பூச்சிக்கு நல்லது. ஆனால் இரண்டும் தண்ணீரில் கரைவதால் மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். 1933-ல் அவர் குரோமியத்தை மூன்றாவதாகச் சேர்த்தார். மரத்துக்குள் போனதும் குரோமியம் மற்ற இரண்டையும் நாரோடு பிணைத்து, கரையாதபடி நிறுத்திவிட்டது. ஆஸ்கு என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. சவுக்கு, பைன் போன்ற சாதாரண மரங்கள்கூட மண்ணில் நின்றபடி பல பத்தாண்டுகள் தாங்கின. தந்திக் கம்பம், வேலி, தோட்டத்து மேடை, குழந்தைகள் விளையாடும் சறுக்கு என்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மக்கள் தொடுகிற மரமெல்லாம் அந்த இளம்பச்சை நிறத்துக்கு மாறியது. இந்தியன் ஒருவன் கண்டுபிடித்த மருந்து அது.

அம்பத்தூரில் ஒரு வீட்டு கேட்டுக்கு அது பூசப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அழுத்தத் தொட்டியில் போட்டு ஏற்ற வேண்டிய மருந்து அது, பிரஷ்ஷுக்கு வராது. மின்கம்பம், ரயில்வே என்று பெரிய தேவைகளுக்குத்தான் அந்தத் தொட்டிகள் ஓடின. ஒற்றை கேட்டுக்கு மரம் வாங்க வந்தவருக்குக் கிடைத்தது வேஸ்ட் ஆயில். பிறகு ஆர்சனிக் பற்றிய கவலை வந்தது. அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரத்துக்கு அந்த மருந்தை ஏற்றுவது நின்றது, ஐரோப்பாவிலும் கட்டுப்பாடுகள் வந்தன. நம் நாட்டுக் கண்டுபிடிப்பு உலகத்துக் கொல்லைப்புறங்களையெல்லாம் எழுபது வருஷம் காத்துவிட்டுப் பல நாடுகளில் விடைபெறும்வரை எங்கள் வாசலுக்கு வரவில்லை. அதனால் தப்பித்தோம் என்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அதன் இடத்தில் நாங்கள் பூசியவை அதைவிட நல்லவை அல்ல.

ஆர்சனிக் ஏறிய மரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் எரிப்பது. எரித்தால் ஆர்சனிக்கின் ஒரு பகுதி புகையில் போகிறது, மீதி சாம்பலில் நிற்கிறது. எங்கள் பக்கம் பழைய கேட், பழைய ஜன்னல் எல்லாம் கடைசியில் வெந்நீர் அடுப்புக்குத்தான் போகும். சாம்பல் பாத்திரம் தேய்க்கப் போகும். இப்போதும் ஆவடி, பட்டாபிராம் பக்கம் பழைய மரம் வாங்கி விற்கிற இடங்களில் வெளிநாட்டுப் பெட்டிக் கட்டைகளையும் பழைய கம்பங்களையும் பார்க்கிறேன். எது என்ன மருந்து குடித்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத மரத்தை அடுப்பில் வைக்காதீர்கள்.

மருந்து மாறியதைவிட மரம் மாறியது பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். அப்பா காலத்து மரவாடியில் “வைரமா பார்த்துக் கொடுங்க” என்றால் போதும். மரத்தின் நடுவில் கறுத்து இறுகிய பகுதி வைரம், ஓரத்தில் வெளுத்த பகுதி வெள்ளை. தேக்கின் வைரத்தில் அதன் சொந்த எண்ணெயே மருந்து. டேராடூனில் மரக் குச்சிகளை மண்ணில் பாதி புதைத்து, எத்தனை மாதத்தில் பூஞ்சையும் கறையானும் தின்கின்றன என்று பார்த்து மரங்களைத் தரம் பிரித்தார்கள். சராசரி 120 மாதத்துக்கு மேல் தாங்கினால் முதல் வகுப்பு. தேக்கின் வைரம் அதில் சேர்ந்தது. அதே தேக்கின் வெள்ளைக்கு அந்தப் பெருமை எதுவும் கிடையாது, வேறெந்த மரத்தின் வெள்ளையும் போலச் செல் தின்னும்.

1996 டிசம்பரில், நீலகிரியின் கூடலூர்க் காடுகளைப் பற்றி நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கக் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. காட்டுக்கு நல்லது, நான் அதை முழுமனதோடு வரவேற்கிறேன். மரவாடிக்கு அன்றிலிருந்து கப்பல் மரம்தான் கதி. பர்மா தேக்கு என்று தேடியவர்களுக்கு 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியதோடு அதுவும் சுருங்கியது. இப்போது வருவதில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டத்தில் வளர்த்து இளசிலேயே வெட்டிய தேக்கு. அதில் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். வெட்டிய பலகையில் ஒரு பக்கம் தேன் நிறமும் மறுபக்கம் சந்தன நிறமுமாக இருக்கும். கடையில் டார்க் ஸ்டெயின் அடித்து இரண்டையும் ஒரே நிறமாக்கிவிட்டால் வாங்குகிறவருக்குத் தெரியாது. தேக்குதானே, மருந்து எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். அப்பா காலத்து தேக்குக்கு மருந்து தேவைப்படவில்லை. இன்றைய தேக்குக்குத்தான் தேவை.

அடுத்து ரோடு. சென்னையின் மேற்குப் புறநகரில் வீடு வைத்திருக்கிற எவருக்கும் இது புரியும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு எங்கள் தெரு உயர்ந்துகொண்டே வந்தது. ஏறிப் போன வாசல் இறங்கிப் போகிற வாசலானது. ஆசாரி விட்ட நாலு விரல் இடைவெளி மூன்றானது, ஒன்றானது, கடைசியில் கேட்டைத் திறக்கும்போது தாரில் உரசியது. கீழ்ச்சட்டத்தின் அடியை அறுத்துவிடச் சொன்னார்கள், அறுத்தோம். எண்ணெய் குடித்த முனைகள் போய்ப் புது முனைகள் திறந்தன. அப்புறம் 2015 டிசம்பர் வந்தது. கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தொழிற்பேட்டையே மூழ்கியது. ஏரிகளுக்கு இடையில் கட்டிய ஊர் இது. தண்ணீர் பழைய வழியைத் தேடி வரும்போது முதலில் நனைவது கேட்டின் கீழ்ச்சட்டம்தான். எந்தக் கம்பெனியின் எந்த டப்பாவும் ஒரு வாரம் தண்ணீரில் நிற்கிற வெட்டு முனையைக் காப்பாற்றாது. ரோடு போடுகிறவர்கள் பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போட்டால் அதுவே எங்கள் பகுதியின் மரங்களுக்குக் கிடைக்கும் முதல் மருந்து.

போன வருஷம் பூந்தமல்லி கரையான்சாவடியில் மாமா பையன் வீட்டை இடித்துக் கட்டினான். வாசலுக்கு மரக் கேட்தான் வேண்டும் என்று அவன் மகள் பிடிவாதம் பிடித்தாள்.

“அக்கா, கடையில பத்து டப்பா காட்டுறான். எதைத்தான் அடிக்கிறது?” என்று போன் செய்தான்.

“டப்பாவை அப்புறம் பார்க்கலாம். வாசல்ல வெயில் எந்தப் பக்கம் விழுது, தண்ணி எங்க நிக்குது, அதைச் சொல்லு.”

மேற்குப் பார்த்த வாசல். மத்தியானத்துக்கு மேல் முழு வெயில். மேலே ஷேட் கிடையாது. தினமும் இரண்டு குழந்தைகள் கேட்டில் தொங்குவார்கள். இதெல்லாம் தெரிந்த பிறகுதான் டப்பாக்களை எடுத்தோம். என் கருத்தை அவனிடம் சொன்னபடியே எழுதுகிறேன்.

கண்ணாடி மாதிரி மின்னுகிற வார்னிஷும் பி.யு. பூச்சும் உள்ளறைக்கு அழகு. மேற்கு வெயிலில் மரம் சுருங்கும், ஐப்பசி மழையில் ஊதும். மேலே இறுகிய தோல் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தோலுக்கு அடியிலேயே மரத்தை அழுக வைக்கும். வெளி உபயோகத்துக்கென்றே செய்த நல்ல ரகங்கள் கூடுதல் நாள் தாங்கும். ஆனால் உரிய ஆரம்பித்தால் முழுவதையும் சுரண்டித்தான் மறுபடி பூச வேண்டும், அந்த வேலைக்கு அஞ்சியே கேட்டைக் கைவிடுகிறார்கள். அதனால் தோலாக நிற்காமல் மரத்துக்குள் ஊறுகிற பூச்சுதான் வெளிக் கேட்டுக்கு என் தேர்வு. அதிலும் நிறம் கலந்தது. வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தின் நாரைப் பிணைக்கிற லிக்னினைச் சிதைப்பதால்தான் மரம் சாம்பல் பூக்கிறது. தெளிவான எண்ணெய் அதைத் தடுக்காது, நிறமித் துகள் தடுக்கும். வருஷம் ஒரு தடவை துடைத்துவிட்டு மேலேயே பூசிக்கொள்ளலாம்.

லின்சீட் ஆயில் போதாதா என்று கேட்டான். டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் நல்ல பொருள், விலையும் கட்டுப்படும். நம் ஈரக் காற்றில் தனியாகப் பூசினால் அதன்மேலேயே பூசணம் கறுப்பாகப் படரும். டர்பென்டைனும் பூசணத் தடுப்பும் நிறமும் சேர்ந்தால்தான் வெளியில் நிற்கும். இன்னொன்று உயிர்ப் பிரச்சினை: அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் வாளியில் போட வேண்டும். வேலைக்கு வருகிற பையன்களுக்கு இதைச் சொல்லாமல் எந்த வீட்டிலும் அந்த டப்பாவைத் திறக்கக் கூடாது.

வேப்பெண்ணெயை அவன் அம்மா, என் அத்தை, ஆசையாகச் சொன்னார். எனக்கும் ஆசைதான். ஆனால் வேம்பின் மருந்துச் சத்து வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடுகிறது. பீரோவின் பின்பலகைக்குப் பூசலாம், மேற்கு வாசல் கேட்டுக்கு அது மாதக் கணக்குக்குக்கூட வராது. போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த கரைசல் கறையானுக்கும் உளு வண்டுக்கும் நல்லது, மனிதருக்கு ஆபத்து குறைவு. ஆனால் காமேசம் தாமிரத்துக்கும் ஆர்சனிக்குக்கும் தீர்த்த சிக்கல் இதற்குத் தீரவில்லை. மழையில் கரைந்து வெளியேறிவிடும். வெள்ளை கலந்த பலகைக்கு முதலில் அதை ஊறவிட்டு, நன்றாகக் காய்ந்ததும் மேலே ஊறும் பூச்சால் மூடி, அந்தப் பூச்சை விடாமல் புதுப்பித்தால் பலன் உண்டு. கறையான் மருந்தான குளோர்பைரிபாஸை கேட்டில் பூச நான் சம்மதிக்கவே இல்லை. குழந்தைகள் கை வைக்கிற மரத்துக்கு அது ஆகாது.

“ட்ரீட் பண்ண பைன்” என்று ஒரு மரவாடியில் காட்டினார்கள். வெளியே பச்சையாக இருந்தது. ஆர்சனிக் இல்லாத புதுத் தாமிர மருந்துகள் இப்போது இருக்கின்றன, நன்றாக ஏற்றியிருந்தால் நல்ல மரம்தான். அதற்குச் சாதாரண ஆணி போட்டால் தாமிரம் இரும்பை அரித்துவிடும் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு ஏற்றியது என்று கேட்டேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை. ஒரு துண்டை நடுவில் குறுக்கே அறுத்துக் காட்டச் சொன்னேன். அறுத்தார். பச்சை, தோலோடு சரி. உள்ளே வெளேரென்று மருந்து ஏறாத மரம். மருந்தில் முக்கி எடுத்ததை அழுத்தத்தில் ஏற்றியது என்று விற்கிறார்கள். மருந்தின் பெயரையும் அளவையும் பலகையிலேயே முத்திரை குத்தி விற்க வேண்டும் என்று சட்டம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அது வரும்வரை வாங்குகிறவர்கள் அறுத்துப் பார்த்தே வாங்க வேண்டும், கடைக்காரர் முகம் சுளித்தாலும்.

கடைசியில் அவன் தேக்கே வாங்கினான். சட்டங்களுக்கு முழு வைரமாக, நான் கூடவே நின்று பொறுக்கினேன். பலகைகளில் கொஞ்சம் வெள்ளை வந்தது, தவிர்க்க முடியவில்லை. அவற்றைப் பூட்டுவதற்கு முன்பே போராக்ஸ் கரைசலில் ஊறவிட்டுக் காயவைத்தோம். வெட்டு முனைகள் எல்லாவற்றையும், ஆணித் துளைகளைக்கூட விடாமல், ஊறும் பூச்சில் திரும்பத் திரும்ப நனைத்து, உறிஞ்சுவது நின்ற பிறகுதான் விட்டோம். இப்போதுள்ள ஆசாரி இளைஞர். பூட்டிய பிறகு ஸ்ப்ரே அடித்துத் தருகிறேன் என்றுதான் முதலில் சொன்னார். பூட்டிய பிறகு முனை எங்கே தெரியும் என்று கேட்டதும் யோசித்தார், அதன் பிறகு எங்களைவிட அக்கறையாக அவரே பார்த்துக்கொண்டார்.

ரோடு இன்னும் உயரும் என்று கணக்குப் போட்டு, கீல்களைத் தூணில் இறுக்கமாகப் பதிக்காமல் மேலே ஏற்றிப் பூட்டக்கூடிய பட்டைகளில் வைக்கச் சொன்னேன். அப்படியும் வெள்ளம் வந்தால் கீழ்ச்சட்டம்தான் முதலில் போகும். அதனால் கேட்டின் சட்டத்தை ஒரு சாண் மேலேயே முடித்து, அதற்குக் கீழே தனியாக ஒரு சட்டத்தை ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் தொங்கவிட்டிருக்கிறோம். அழுகினால் நான்கு போல்ட்டைக் கழற்றி அதை மட்டும் மாற்றலாம். அதே மரத்தில், அதே அளவில் இன்னொரு துண்டு அறுத்து, முனைகளை நனைத்து, மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறான். ஒவ்வொரு ஆவணியிலும் மழைக்கு முன்னால் பூச்சடிப்பது மகளின் பொறுப்பு என்று அவள் அப்பா சொல்லிவிட்டான். இந்த ஆவணிக்கு அவள் முதலில் அடித்தது கீழ்ச்சட்டத்தின் அடிப்பக்கம், தரையில் படுத்துக்கொண்டு.